ஜாஸ் இசையின் பிறப்பும் பாங்கும்

ஜாஸ் இசை எங்கே பிறந்தது என்னும் வினாவுக்கு இரு விடைகள் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. அது விலைமாதர் விடுதிகளில் பிறந்தது என்பது ஒன்று. அடிமைகளின் ஆலயப் பாடல்களிலிருந்து பிறந்தது என்பது மற்றொன்று. முதல் விடையைக் கூறியோருள் பலர் அவ்விசையைப் புறந்தள்ள விரும்பியவர்கள். இரண்டாம் விடையைக் கூறியோருள் பலர் அதற்கு நற்சான்று தேட விரும்பியவர்கள். ஒரு சங்கீதத்தைப் பொருள்கொள்ளுமுன் அது யாரால், எச்சூழலில், எத்தேவைக்காகப் பாடப்பட்டது என்று கேட்கப் பழகியிருக்கும் நாம், ஜாஸைக் குறித்தும் அவ்வினாக்களையே எழுப்புவது நலம். அங்ஙனம் எழுப்பும்போது நமக்குக் கிடைப்பது ஒரு நகரத்தின் வரலாறு. அந்நகரத்தில் ஒரே மக்கள் ஞாயிறு காலையில் ஆலயத்திலும், பிற்பகலில் கல்லறை ஊர்வலத்திலும், சனி இரவில் நடனக்கூடத்திலும் எழுப்பிய ஒலிகளின் வரலாறு.

ஞாயிற்றுக்கிழமைச் சதுக்கம்

அமெரிக்காவின் தென்பகுதியில், மிசிசிப்பி ஆறு கடலை நெருங்குமிடத்தில் அமைந்த நியூ ஆர்லியன்ஸ் 1718-இல் பிரெஞ்சுக்காரரால் நிறுவப்பட்டது. 1760-களில் ஸ்பெயினின் ஆட்சிக்கு உட்பட்டு, மீண்டும் பிரான்சின் கைக்கு வந்து, 1803-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு விற்கப்பட்டது. கத்தோலிக்க மரபில் ஊறிய நகரம் அது. 1724-இன் பிரெஞ்சுச் சட்டம் ஞாயிற்றுக்கிழமைகளில் அடிமைகளை வேலை வாங்குவதைத் தடை செய்திருந்தது. ஆகவே அந்நாளில் அவர்கள் சந்தை கூடினர். கூடிய இடத்தில் ஆடிப் பாடினர். ஆங்கிலேயரின் குடியேற்றங்களில் நிலைமை வேறாயிருந்தது. தென் கரோலினாவில் 1739-இல் நடந்த அடிமைகளின் கிளர்ச்சிக்குப் பின், 1740-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் பறையடிப்பதையே தடுத்துவிட்டது.

1817-இல் நியூ ஆர்லியன்ஸ் நகராட்சி அடிமைகளின் கூட்டங்களை ஒரே இடத்துக்குள் அடக்கியது. அவ்விடமே காங்கோ சதுக்கம் எனப் பெயர் பெற்றது. 1819-இல் பெஞ்சமின் லாட்ரோப் என்னும் கட்டடக் கலைஞர் தற்செயலாக அங்குச் சென்றார். ஐந்நூறு அறுநூறு பேர் வட்டம் வட்டமாகக் கூடி, கையால் பறைகளை முழக்கியும், சுரைக்குடுக்கையில் நரம்பு கட்டிய கருவியை மீட்டியும் ஆடியதைக் கண்டார். அவ்விசை அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. ஆயினும் கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி, கருவிகளின் உருவங்களையும் வரைந்து வைத்தார். பிடிக்காத ஒருவர் விட்டுச் சென்ற சான்றே இன்று நமக்குள்ள சிறந்த சான்றாக நிற்கிறது.

எனினும் காங்கோ சதுக்கத்திலிருந்து ஜாஸுக்கு நேர்க்கோடு இழுத்துவிட முடியாது. உள்நாட்டுப் போருக்கு முன்னரே அக்கூட்டங்கள் தேய்ந்து மறைந்தன. ஜாஸ் என நாம் அறியக்கூடிய இசையோ அந்நூற்றாண்டின் இறுதியில்தான் செவிக்கு எட்டுகிறது. இடைப்பட்ட காலத்தில் அந்தத் தாளத்தையும் அந்தக் குரலையும் காத்து வந்தவை எவை என்பதே வினா. அவற்றுள் ஒன்று வழிபாடு.

காலைப் பின்னாத நடனம்

மெதடிஸ்டு, பாப்டிஸ்டு ஊழியர்களின் பிரசங்கத்தால் கிறிஸ்தவரான அடிமைகள், பெற்ற ஞானப்பாட்டுகளைப் பெற்ற வண்ணமே பாடவில்லை. எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த அவர்களிடம் பாட்டுப் புத்தகம் இல்லை. தலைவர் ஓர் அடியைச் சொல்ல, சபை அதை நீட்டி இழுத்துப் பாடியது. தனிக்குரலின் அழைப்பும் கூட்டுக்குரலின் மறுமொழியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. ஆராதனை முடிந்தபின் பலகைகளை ஒதுக்கிவிட்டு வட்டமாகச் சுற்றி வரும் வழக்கமும் இருந்தது. கைதட்டலும் தரையில் தேய்த்து வைக்கும் அடிகளுமே அதற்குத் தாளம். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒரு காலின்மேல் மறுகாலைப் பின்னலாகாது. பின்னினால் அது நடனம், பின்னாவிடில் வழிபாடு. உடலின் தாளம் முழுவதையும் ஆலயத்துக்குள் கொண்டுவந்துவிட்டு, எல்லைக்கோட்டைப் பாதங்களில் வரைந்த இந்த நுட்பம் நம் சிந்தனைக்குரியது. புனிதத்துக்கும் உலகியலுக்கும் இடையிலுள்ள எல்லை அம்மக்களுக்கும் இருந்தது; அது ஒலியில் இல்லை.

1867-இல் மூவர் தொகுத்த அடிமைகளின் பாடல் நூலொன்று வெளிவந்தது. 136 பாடல்கள் அதில் இடம்பெற்றன. குரல் வளைந்து நெளிவதையும், பல குரல்கள் ஒன்றினின்று ஒன்று விலகிச் சென்று கூடுவதையும் ஐரோப்பிய இசைக்குறியீட்டால் தாளில் பிடிக்க இயலவில்லை என்று தொகுத்தோரே முன்னுரையில் ஒப்புக்கொண்டனர். 1871-இல் நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் கல்லூரிக்குப் பொருள் திரட்டப் புறப்பட்ட மாணவர் குழு அப்பாடல்களை வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பாடிப் புகழ் பெற்றது. அவர்கள் இல்லாதிருந்தால் அவற்றுள் பல அழிந்தே போயிருக்கும். ஆனால் கச்சேரி மேடைக்காக அப்பாடல்கள் நான்கு குரல்களுக்கு ஒழுங்குபடுத்தப்பட்டு, தலைவாரிப் பொட்டிட்டது போல வந்து நின்றன. வாரப்படாத பாடல் கிராமத்து ஆலயங்களிலேயே தங்கிவிட்டது. ஜாஸுக்கு ஊட்டமளித்தது பெரும்பாலும் அதுவே.

புளூஸும் ராக்டைமும்

விடுதலைக்குப் பின் வயலிலும், இருப்புப்பாதை வேலையிலும், சிறைக்கூடத்திலும் பாடப்பட்ட தனிமனிதப் புலம்பலே புளூஸ். ஆலயப் பாடலில் 'நாங்கள்' பேசினால், புளூஸில் 'நான்' பேசுகிறேன். அதன் வழக்கமான வடிவம் பன்னிரண்டு தாளக்கட்டுகள். நான்கு நான்காக மூன்று பகுதிகள். முதல் அடி பாடப்படும். அதுவே மீண்டும் பாடப்படும். மூன்றாம் அடி அதற்கு விடையாகவோ திருப்பமாகவோ வரும். எபிரேயக் கவிதையின் இணையடிகளைப் பயின்ற மாணவருக்கு, சொன்னதையே திரும்பச் சொல்லுவது கருத்தை எங்ஙனம் ஆழப்படுத்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அடியும் தன் நான்கு கட்டுகளுள் ஏறத்தாழப் பாதியைத்தான் நிரப்பும். எஞ்சிய இடத்தில் கிதாரோ கார்னெட்டோ மறுமொழி கூறும். ஆலயத்தின் அழைப்பும் மறுமொழியும் இங்கே ஒரு மனிதனுக்கும் அவன் கருவிக்கும் இடையே நிகழ்கின்றன.

புளூஸின் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் பியானோவின் கட்டைகளுக்குள் அடங்குவதில்லை. காந்தாரத்தைச் சற்றே தாழ்த்தி, ஒரே நிலையில் நிறுத்தாமல் வளைத்துப் பாடுவர். கமகம் அறிந்த நம் செவிக்கு இது விந்தையன்று. ஐரோப்பிய இசை பயின்றோருக்கோ அது பிழையாகவே ஒலித்தது.

1912-இலும் 1914-இலும் புகழ்பெற்ற புளூஸ் பாடல்களை அச்சிட்டு வெளியிட்ட டபிள்யூ. சி. ஹாண்டி ஒரு போதகரின் மகன். சிறுவனாயிருந்தபோது காசு சேர்த்து ஒரு கிதார் வாங்கி வந்தார். தந்தை அதைப் பாவக்கருவி எனக் கண்டித்து, கடைக்குத் திருப்பி அனுப்பி, பதிலாக ஓர் அகராதி வாங்கச் செய்ததாகத் தம் வாழ்க்கை வரலாற்றில் ஹாண்டி எழுதியுள்ளார். ஆனால் ஆர்கன் கற்க அதே தந்தை இசைந்தார். மகனுக்குச் சுரமறிவு வேண்டாம் என்று அவர் எண்ணவில்லை. கருவி எங்கே வாசிக்கப்படுகிறது என்பதே அவர் கவலை. நம்மில் பலரும் அவ்வாறே செய்திருப்போம்.

ராக்டைம் வேறு வகை. அது முழுவதும் எழுதி வைத்து வாசிக்கும் பியானோ இசை. இடக்கை அணிவகுப்பு நடையில் ஒழுங்காகச் செல்ல, வலக்கை அழுத்தம் விழவேண்டிய அடிக்குச் சற்று முன்னோ பின்னோ விழுந்து அதனோடு வழக்காடும். 1899-இல் வெளியான ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' இவ்வகைக்கு இலக்கணமாயிற்று. தாளத்தின் இந்தத் தடம் மாற்றத்தை ஜாஸ் எடுத்துக்கொண்டது. ஏட்டைப் பார்த்து வாசிப்பதை மட்டும் விட்டுவிட்டது.

கனால் தெருவின் இரு கரைகள்

நியூ ஆர்லியன்ஸில் கறுப்பின மக்கள் இரு பிரிவினராக வாழ்ந்தனர். கனால் தெருவுக்குக் கீழே கிரியோல் மக்கள்: பிரெஞ்சு பேசுவோர், கலப்பு மரபினர், பெரும்பாலும் கத்தோலிக்கர், பலர் கைத்தொழில் வல்லுநர். அவர்களுடைய இசைஞர்கள் ஏடு பார்த்து வாசிக்கவும், இசை நாடகங்களின் பகுதிகளைப் பிழையின்றி ஊதவும் பயின்றவர்கள். தெருவுக்கு மேலே, தோட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த விடுதலை பெற்ற அடிமைகளின் மக்கள்: ஆங்கிலம் பேசுவோர், பெரும்பாலும் பாப்டிஸ்டுகள், செவியால் கற்றவர்கள். முதற்பிரிவினர் இரண்டாம் பிரிவினரைத் தம்மோடு ஒப்ப எண்ணவில்லை.

இனப்பிரிவினைச் சட்டங்கள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. 1892-இல் அந்நகரத்துக் கிரியோலரான ஹோமர் பிளெஸ்ஸி, வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்ட ரயில் பெட்டியில் வேண்டுமென்றே அமர்ந்து கைதானார். 1896-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்து, பிரிவினையைச் சட்டமாக்கிற்று. 1898-இல் லூசியானா மாநிலம் புதிய அரசியலமைப்பை இயற்றிற்று. 1896-இல் ஏறத்தாழ 1,30,000-ஆக இருந்த கறுப்பின வாக்காளர் தொகை 1900-இல் ஏறத்தாழ 5,000-ஆகச் சுருங்கியது. ஏடறிந்த கிரியோலரும் செவியறிந்த பாப்டிஸ்டும் ஒரே வேலைக்கு, ஒரே பாண்டு வாத்தியக் குழுவுக்கு வந்து சேர நேர்ந்தது. ஒருவர் மற்றவரிடமிருந்து கற்றனர். அநீதி கலையை வளர்த்தது என்று இதற்கு நாம் பொருள் கூறலாகாது. அநீதியின் நடுவே மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு இது, அவ்வளவே.

அக்குழுக்களுக்கு வேலை தந்தவற்றுள் முதன்மையானவை உதவிச் சங்கங்கள். உறுப்பினர் சந்தா செலுத்துவர். நோயுற்றால் சங்கம் உதவும். இறந்தால் இசையோடு அடக்கம் செய்யும். காப்பீட்டு நிறுவனங்கள் கதவடைத்திருந்த மக்களுக்கு அதுவே காப்பீடு. கல்லறைக்குச் செல்லும்போது குழு மெல்லடி வைத்து ஞானப்பாட்டுகளை ஊதும். பறையின் அதிர்வு துணியால் அடக்கப்பட்டிருக்கும். அடக்கம் முடிந்து, கல்லறைத் தோட்டத்தை விட்டுச் சற்றுத் தொலைவு வந்தபின் பறைக்காரர் துணியை நீக்குவார். இசை விரைவு நடைக்கு மாறும். உறவினருக்கும் குழுவுக்கும் பின்னே தெருமக்கள் குடையும் கைக்குட்டையும் சுழற்றி ஆடி வருவர். சில வேளைகளில் போகும்போது புலம்பலாக ஊதிய பாடலே திரும்பும்போது ஆட்டமாக மாறும். சுரங்கள் அவையே, அழுத்தமும் வேகமும்தான் வேறு. ஜாஸின் இசையிலக்கணம் முழுவதையும் இந்த ஒரு மாற்றத்தில் கற்றுவிடலாம் என்பது நம் கருத்து.

ஒலிப்பதிவில்லாத முன்னோடி

1877-இல் பிறந்த படி போல்டன் என்னும் கார்னெட் இசைஞரை முதல் ஜாஸ் தலைவர் என்பர். சபைகளில் கேட்ட பாடல்களின் நடையை நடனக்கூடத்துக்குக் கொண்டு வந்தவர் அவர் என்று அவரை அறிந்த இசைஞர் சிலர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தனர். அவர் ஊதியது எங்ஙனம் ஒலித்தது என்பதற்கு இன்று ஓர் ஒலிப்பதிவேனும் இல்லை. 1907-இல் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1931-இல் அங்கேயே மறைந்தார். அவரைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் வாய்மொழி மரபே. கேட்டவர்கள் சொல்ல, சொன்னதைப் பிறர் எழுதியவை. அத்தகைய சான்றுகளை எங்ஙனம் கையாள வேண்டுமென்பது நம் வாசகருக்குப் புதிதன்று.

விலைமாதர் விடுதிக் கதையையும் இங்கே எடைபோட்டுவிடலாம். 1898 முதல் 1917 வரை நியூ ஆர்லியன்ஸில் ஸ்டோரிவில் என்னும் பகுதி அத்தொழிலுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது உண்மை. ஜெல்லி ரோல் மார்ட்டன் போன்ற பியானோ இசைஞர் அங்கு வாசித்ததும் உண்மை. ஆனால் விடுதிகளில் பெரும்பாலும் தனிப் பியானோவே ஒலித்தது. குழுக்கள் வாசித்தவை பூங்காக்களிலும், சங்கக் கூடங்களிலும், ஏரிக்கரை உல்லாசக் கூட்டங்களிலும், தெருவிலுமே. கடற்படையின் வற்புறுத்தலால் 1917-இல் அப்பகுதி மூடப்பட்டதனால்தான் இசைஞர் வடக்கே சென்றனர் என்னும் கூற்றும் பொருந்தாது. பலர் அதற்கு முன்னரே சென்றுவிட்டனர். தெற்கின் கொடுமையினின்று நீங்கி வேலை தேடி வடக்கே பெயர்ந்த இலட்சக்கணக்கானோருள் அவர்களும் சிலர்.

'ஜாஸ்' என்னும் சொல் நியூ ஆர்லியன்ஸில் தோன்றியதாகவும் தெரியவில்லை. 1912, 1913-ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியச் செய்தித்தாள்களின் பேஸ்பால் விளையாட்டுப் பகுதியில் அது துடிப்பு, ஊக்கம் என்னும் பொருளில் காணப்படுகிறது. 1915-இல் சிக்காகோவில் இசைக்குப் பெயராயிற்று.

1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் பதிவான முதல் ஜாஸ் இசைத்தட்டு வெள்ளையர் ஐவரின் குழுவினது. அவர்களும் நியூ ஆர்லியன்ஸ்காரரே. தாம் கேட்டு வளர்ந்ததைத் திறமையாகவே வாசித்தனர். ஆனால் அக்குழுவின் தலைவர் நிக் லா ராக்கா இவ்விசை வெள்ளையரின் படைப்பே என்று பிற்காலத்தில் வாதிட்டது வருந்தத்தக்கது. முதலில் பதிவானது முதலில் தோன்றியது எனக் கொள்ளும் பிழைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மூன்று குரல்களும் ஒரு குரலும்

நியூ ஆர்லியன்ஸ் பாங்கைத் தெளிவாகக் கேட்க வேண்டுமாயின், கிங் ஆலிவரின் குழு 1923-இல் இந்தியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பதிவு செய்த தட்டுகளை நாட வேண்டும். எக்காளத்தின் உறவான கார்னெட் பாடலின் மெட்டை ஏந்திச் செல்லும். கிளாரினெட் அதற்கு மேலே கொடிபோலச் சுற்றிப் படரும். டிரோம்போன் கீழே நின்று, ஒரு சொற்றொடரின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் இழைத்துக் கட்டும். பாஞ்சோ, பியானோ, பறை ஆகியவை தாளத்தையும், கார்டு எனப்படும் சுரக்கூட்டுகளின் வரிசையையும் தாங்கும். மேற்பகுதியின் மூவரும் ஒரே நேரத்தில் தத்தம் பகுதியை அவ்வப்போதே புனைந்து வாசிக்கின்றனர். எனினும் குழப்பம் இல்லை. மனோதர்மம் என நம் இசையுலகம் வழங்குவதற்கு இது நெருங்கியதே. ஆனால் நம் பாடகர் இராகத்தின் எல்லைக்குள் கற்பனை செய்வார். ஜாஸ் இசைஞர் மாறிக்கொண்டே செல்லும் கார்டுகளின் எல்லைக்குள், பிறரின் கற்பனைக்குச் செவிகொடுத்துக்கொண்டே கற்பனை செய்கிறார். இடையிடையே எல்லாக் கருவிகளும் திடீரென நின்று, ஒருவர் மட்டும் இரண்டு தாளக்கட்டு அளவுக்குத் தனித்து ஒலிப்பதும் உண்டு.

அக்குழுவில் இரண்டாம் கார்னெட் வாசித்த இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங். தாம் 1900 ஜூலை 4 அன்று பிறந்ததாக அவர் வாழ்நாளெல்லாம் கூறி வந்தார். அவர் 1971-இல் மறைந்தபின், 1980-களில், நியூ ஆர்லியன்ஸின் கத்தோலிக்க ஆலயமொன்றின் திருமுழுக்குப் பதிவேடு 1901 ஆகஸ்டு 4 என்னும் நாளைக் காட்டிற்று. ஆலயப் பதிவேடுகளைக் கறையானுக்கு விட்டுவிடும் ஆயர்கள் இதைக் கருத்தில் கொள்வார்களாக. தந்தை கைவிட்ட அச்சிறுவன் வறுமையில் வளர்ந்தான். புத்தாண்டு இரவில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காக 1913-இன் முதல் நாளில் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். அங்குள்ள பாண்டில் கார்னெட் பயிற்சி பெற்றான். பாடும் முறையைத் தாம் ஆலயத்திலும் ஞாயிறு பள்ளியிலும் கற்றதாகப் பிற்காலத்தில் தம் நூலில் எழுதினார்.

1925 முதல் 1928 வரை சிக்காகோவில் அவர் தலைமையில் பதிவான தட்டுகள் ஜாஸின் போக்கையே மாற்றின. கூட்டாகப் புனையும் இசை தனியாகப் புனைபவரின் இசையாயிற்று. 1928-இன் 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' தட்டின் தொடக்கத்தில் துணையேதுமின்றி ஒலிக்கும் எக்காள முழக்கம் இன்றும் கேட்போரை நிமிர்ந்து உட்காரச் செய்யும். இதில் பெற்றது பெரிது, இழந்ததும் உண்டு. மூன்று குரல்களும் சமமாகப் பேசிய பழைய உரையாடல் அதன்பின் அரிதாயிற்று. 1930-களில் பெரிய குழுக்களின் ஸ்விங் பாங்கு நாடெங்கும் நடனக்கூடங்களை நிறைத்தது. 1940-களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லெஸ்பியும் நடனத்தை உதறிவிட்டு, விரைவும் சிக்கலும் மிக்க பீபாப் பாங்கை உருவாக்கினர். அவை தனிக் கட்டுரைக்கு உரியவை.

கடிந்துகொண்டோர்

1918 ஜூனில் நியூ ஆர்லியன்ஸின் முதன்மைச் செய்தித்தாள் ஜாஸைக் கீழ்த்தர இசையென இகழ்ந்து, அது தம் நகரில் பிறந்தது என்பதையே ஏற்கத் தயங்கித் தலையங்கம் எழுதிற்று. 1921-இல் பெண்களுக்கான புகழ்பெற்ற இதழொன்று தாளத்தின் தடம் மாற்றமே பாவத்தைத் தருகிறதா எனக் கேட்டு, இவ்விசையைப் பேயாட்டத்தின் வாரிசாகக் காட்டிற்று. பிரசங்க மேடைகளும் இதனையே எதிரொலித்தன. ஆயர்களின் கவலையில் நியாயமே இல்லை என்று கூறமாட்டோம். மதுவிலக்குச் சட்டம் நிலவிய 1920 முதல் 1933 வரையிலான ஆண்டுகளில் ஜாஸ் ஒலித்த கூடங்கள் பலவற்றைக் கள்ளச்சாராயக் கும்பல்கள் நடத்தின. இளைஞர் அங்கே கெட்டனர். ஆனால் கண்டனம் கூடத்தோடு நிற்கவில்லை. வளையும் சுரமும் இடறும் தாளமும் தாமே தீயவை என்றாயிற்று. அந்தச் சுரமும் தாளமும் கடவுளை நோக்கிக் கூப்பிட்டவர்களின் நாவிலும் பாதத்திலும் வளர்ந்தவை என்பது கண்டித்தோருக்குத் தெரியவில்லை. தெரிந்த சிலருக்கோ அதுவே கண்டனத்துக்குக் காரணம்.

கறுப்பினத் திருச்சபைகளுக்குள்ளும் போராட்டம் நடந்தது. பாப்டிஸ்டுப் பிரசங்கியாரின் மகனான தாமஸ் டார்ஸி, 1920-களில் மா ரெய்னி என்னும் புளூஸ் பாடகியின் பியானோ இசைஞராயிருந்தார். புளூஸின் சுரங்களில் அவர் இயற்றிய நற்செய்திப் பாடல்களை ஆலயங்கள் பல ஏற்க மறுத்தன. 1932-இல் அவர் வெளியூர் சென்றிருந்தபோது மனைவி மகப்பேற்றில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அத்துயரில் அவர் எழுதிய பாடல் இன்று உலகெங்கும் அடக்க ஆராதனைகளில் பாடப்படுகிறது. அவ்வாண்டிலேயே சிக்காகோவின் பில்கிரிம் பாப்டிஸ்டு ஆலயத்தில் பாடகர் குழுத் தலைவரானார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பணியாற்றினார்.

ஆம்ஸ்ட்ராங் 1938-இல், நியூ ஆர்லியன்ஸ் அடக்க ஊர்வலங்களில் தாம் ஊதிப் பழகிய ஒரு பழைய சபைப் பாடலை, பரிசுத்தவான்கள் அணிவகுத்து வருவதைப் பற்றிய அப்பாடலை, நடன நடையில் இசைத்தட்டில் பதித்தார். தட்டின் தொடக்கத்தில் பிரசங்கியாரின் குரலை ஏற்றுச் சபையை விளித்துப் பேசவும் செய்தார். ஆலயப் பாடலை அங்ஙனம் பாடுவது தகாது என்று அவரைக் கடிந்துகொண்டவர், அவரோடு அதே தெருக்களில் வளர்ந்த அவருடைய சகோதரி.